முக்கோண மின்னோட்டத்தின் விலை: சூரிச் ஆய்வகத்தின் சாஃப்ட் சுவிட்சிங் ரெக்டிஃபையர் பற்றி ஓர் ஆய்வு

மூன்று பெட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் வேலை ஒன்றுதான். 230 வோல்ட் ஏ.சி.யை வாங்கி 400 வோல்ட் டி.சி.யாகத் தர வேண்டும்; வாங்கும் மின்னோட்டம் சைன் வடிவம் கெடாமல் இருக்க வேண்டும். செல்போன் கோபுரத்தின் 48 வோல்ட் ரெக்டிஃபையரிலும் சர்வர் பவர் சப்ளையிலும் முதல் கட்டமாக இருப்பது இதே பெட்டிதான். பவர் ஃபேக்டர் கரெக்‌ஷன் என்பதைச் சுருக்கி, துறையில் இதை பி.எஃப்.சி. என்பார்கள்.

முதல் பெட்டி 450 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. ஒரு லிட்டர் கனஅளவுக்கு 5.5 கிலோவாட், செயல்திறன் 95.8 சதவீதம். இரண்டாவது 33 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. லிட்டருக்கு 1.1 கிலோவாட்தான், ஆனால் செயல்திறன் 99.2 சதவீதம். மூன்றாவது லிட்டருக்கு 5 கிலோவாட், 98.3 சதவீதம். மூன்றும் சூரிச்சில் உள்ள இ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோஹன் கோலார் தலைமையிலான மின்னணு ஆற்றல் ஆய்வகத்தில் உருவானவை. முதல் இரண்டும் 2009-ல் சீனாவின் ஊஹானில் நடந்த மாநாட்டுக் கட்டுரையைச் சுற்றிய காலத்தவை. மூன்றாவது 2010-ல் ஜப்பானின் சப்போரோவில் அறிவிக்கப்பட்டது.

சதவீதமாகப் பார்த்தால் வித்தியாசம் அற்பமாகத் தெரியும். வெப்பமாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். மூன்றையும் 3 கிலோவாட்டுக்கு அளவிட்டுப் பார்த்தேன். முதல் பெட்டி சுமார் 0.55 லிட்டர், அதற்குள்ளிருந்து 131 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். இரண்டாவது 2.7 லிட்டர், வெளியேற வேண்டியது 24 வாட்தான். மூன்றாவது 0.6 லிட்டர், 52 வாட். முதல் பெட்டியின் உடம்பு, அதன் வெப்பத்தில் பாதிக்கும் குறைவு. இதைச் சாத்தியமாக்கியது சாஃப்ட் சுவிட்சிங், அதாவது ஸ்விட்சின் மேல் வோல்டேஜ் இல்லாத கணம் பார்த்து அதை ஆன் செய்வது. அது எப்படி நடந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வு.

கீழே வரும் இண்டக்டர் அளவு, கெப்பாசிட்டன்ஸ் அளவு போன்றவை சூரிச் குழுவின் எண்கள் அல்ல. விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டு நோட்டில் போட்ட கணக்கு. அவர்களுடைய முறை எது, என் எண் எது என்பதைப் பிரித்துக்கொண்டே போகிறேன்.

முட்டுச்சந்து

வழக்கமான பி.எஃப்.சி.யில் வாசலிலேயே நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் நிற்கும். அதன் பிறகு ஓர் இண்டக்டர், ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்), ஒரு வேக டயோடு. பிரிட்ஜில் எந்த நேரமும் இரண்டு டயோடு கடத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் சுமார் 1 வோல்ட் போகும். 3 கிலோவாட்டுக்கு உள்ளே வரும் மின்னோட்டம் 13 ஆம்பியர். அதன் சராசரி 11.7. ஆக பிரிட்ஜ் மட்டுமே 23 வாட் தின்றுவிடும், கிட்டத்தட்ட 0.8 சதவீதம். 99.2 சதவீதப் பெட்டியின் மொத்த இழப்பே 24 வாட் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். உயர்ந்த செயல்திறன் வேண்டுமானால் பிரிட்ஜ் போயே ஆக வேண்டும்.

பிரிட்ஜை எடுத்துவிடப் பல வழிகள் உண்டு. இரட்டை பூஸ்ட் என்ற அமைப்பில் நேர் அரைச் சுற்றுக்கு ஓர் இண்டக்டர், எதிர் அரைச் சுற்றுக்கு இன்னொன்று. ஒன்று வேலை செய்யும்போது மற்றது சும்மா இருக்கும். ரெக்டிஃபையரில் செம்பும் ஃபெரைட்டும்தான் அதிக இடம் பிடிப்பவை; அவற்றில் பாதி எப்போதும் ஓய்வில் இருப்பது கனஅளவுக்கு நல்லதல்ல.

டோட்டம் போல் (totem-pole) என்ற அமைப்பில் அந்தக் குறை இல்லை. இரண்டு வேக ஸ்விட்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு காலில். இன்னொரு காலில் மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும் மாறும் இரண்டு மெதுவான ஸ்விட்சுகள். நடுவில் ஒரே இண்டக்டர், இரண்டு அரைச் சுற்றிலும் அதுவே உழைக்கும். மெதுவான காலில் 20 மில்லியோம் மாஸ்ஃபெட் வைத்தால் 13 ஆம்பியரில் இழப்பு 3.4 வாட்தான். படத்தில் பார்த்தால் இதைவிட எளிய ரெக்டிஃபையர் கிடையாது.

ஆனால் சிலிக்கான் மாஸ்ஃபெட்டை வைத்து இதை, இண்டக்டர் மின்னோட்டம் பூஜ்ஜியத்துக்கு இறங்காத வழக்கமான தொடர் மின்னோட்ட முறையில் ஓட்ட முடியாது. 600 வோல்ட் சூப்பர்ஜங்ஷன் மாஸ்ஃபெட் ஒவ்வொன்றுக்குள்ளும் இயல்பாகவே ஒரு டயோடு ஒளிந்திருக்கிறது. மேல் ஸ்விட்சின் டயோடு கடத்திக்கொண்டிருக்கும்போது கீழ் ஸ்விட்ச் ஆன் ஆனால், மேல் டயோடு உடனே அடைபடாது. உள்ளே தேங்கிய மின்னூட்டம் முழுவதையும் வெளியே தள்ளிய பிறகே அடைபடும். பெரிய மாஸ்ஃபெட்டுகளில் அந்த மின்னூட்டம் 10 மைக்ரோகூலுமும் அதற்கு மேலும் இருக்கும். 400 வோல்ட்டால் பெருக்கினால் ஒரு முறைக்கு 4 மில்லிஜூல். நொடிக்கு 1 லட்சம் முறை மாற்றினால் 400 வாட்! 3 கிலோவாட் பெட்டியில் ஒரு ஸ்விட்சில் மட்டும் 400 வாட் என்றால், அந்த மாஸ்ஃபெட் சில நொடிகூடத் தாங்காது.

இங்கேதான் பலரும் பிசகாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. சாஃப்ட் சுவிட்சிங் என்றால் ‘ஸ்விட்சில் போகும் சில வாட்டை மிச்சம் பிடிப்பது’ என்றுதான் பாடத்தில் படிக்கிறோம். இந்த வழக்கில் அது செய்த பெரிய வேலை வேறு. வேறு வழியில் ஓட்டவே முடியாத ஓர் அமைப்புக்குள் மலிவான, நல்ல சிலிக்கான் மாஸ்ஃபெட்டை நுழைய விட்டது. பிரிட்ஜின் 23 வாட்டும், சும்மா கிடந்த இண்டக்டரும் அதனால்தான் வெளியேறின.

மதகும் மட்டமும்

மாஸ்ஃபெட் ஆஃப் ஆக இருக்கும்போது அதன் இரு முனைக்கும் இடையில் 400 வோல்ட் நிற்கிறது. அதன் உள் கெப்பாசிட்டன்ஸ் நிறைந்திருக்கிறது. அந்த நிலையிலேயே ஆன் செய்தால், தேங்கிய ஆற்றல் முழுவதும் அந்த ஸ்விட்சுக்குள்ளேயே எரிந்து தீரும். ஏரி மதகில் ஒருபுறம் நிறைந்தும் மறுபுறம் வறண்டும் இருக்கும்போது பலகையைத் தூக்கினால் தண்ணீர் சீறிப் பாய்ந்து மண்ணை அரிக்கும். இருபுறமும் மட்டம் சமமான பிறகு தூக்கினால் பலகை அசைவதே தெரியாது. ஜீரோ வோல்டேஜ் சுவிட்சிங் என்பது அந்த இரண்டாவது முறை. ஸ்விட்சின் வோல்டேஜ் தானாகப் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய பிறகே அதை ஆன் செய்வது.

மட்டத்தைச் சமமாக்குவது யார்? இண்டக்டர்தான். அதில் சரியான திசையில் கொஞ்சம் மின்னோட்டம் இருந்தால், இரண்டு ஸ்விட்சும் ஆஃப் ஆக இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், அது ஒரு கெப்பாசிட்டன்ஸிலிருந்து இறைத்து மறு கெப்பாசிட்டன்ஸில் ஊற்றிவிடும். 1980-களில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் ஃப்ரெட் லீயின் குழுவும், விஸ்கான்சினில் தீபக்ராஜ் திவானும் இதே அடிப்படையை வெவ்வேறு வடிவில் வளர்த்தார்கள். அப்போது பெரும்பாலும் கூடுதல் இண்டக்டர், கூடுதல் கெப்பாசிட்டர், சில நேரம் கூடுதல் ஸ்விட்ச் என்று துணை உறுப்புகள் தேவைப்பட்டன. சூரிச் வடிவத்தின் அழகு, மட்டத்தைச் சமமாக்க ஒரு துணை உறுப்பும் சேர்க்காததில் இருக்கிறது. பிரதான இண்டக்டரையே அந்த வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். மாற்றியது மின்னோட்டத்தின் வடிவத்தை மட்டும்.

முக்கோணம்

நேர் அரைச் சுற்றை எடுத்துக்கொள்வோம். கீழ் ஸ்விட்ச் ஆன் ஆகும்போது இண்டக்டர் மின்னோட்டம் ஏறுகிறது. அதை ஆஃப் செய்ததும் மின்னோட்டம் மேல் ஸ்விட்ச் வழியாக 400 வோல்ட் பக்கம் போய்க்கொண்டே இறங்குகிறது. தொடர் மின்னோட்ட முறையில், பாதி இறங்குவதற்குள் மறுபடி ஏற்றிவிடுவார்கள். இங்கே அப்படிச் செய்வதில்லை. மின்னோட்டம் பூஜ்ஜியம்வரை இறங்கி, இன்னும் சற்றுக் கீழே போய், திசை திரும்பி இரண்டு ஆம்பியர் அளவு பின்னோக்கி ஓடும்வரை மேல் ஸ்விட்சை ஆன் நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். அதன் பிறகே மேல் ஸ்விட்ச் ஆஃப். பின்னோக்கி ஓடும் அந்தச் சிறு மின்னோட்டம், இரண்டு ஸ்விட்சும் சேரும் நடுப்புள்ளியின் வோல்டேஜை 400-லிருந்து பூஜ்ஜியத்துக்கு இழுத்து வருகிறது. கீழ் ஸ்விட்ச் சத்தமில்லாமல் ஆன் ஆகிறது. மேல் டயோடில் மின்னூட்டம் தேங்க வாய்ப்பே இல்லை. அந்த 4 மில்லிஜூல் கணக்கிலிருந்தே காணாமல் போகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் ஒரு முக்கோணம் வரைவதால்தான் இதற்கு முக்கோண மின்னோட்ட முறை என்று பெயர். ஆங்கிலச் சுருக்கமான டி.சி.எம். என்றே துறையில் சொல்கிறார்கள்.

விலை உடனே தெரிகிறது. முக்கோணத்தின் சராசரி நமக்கு வேண்டிய மின்னோட்டம் என்றால், அதன் உச்சி இரண்டு மடங்கு. வெப்பத்தைத் தீர்மானிப்பது மின்னோட்டத்தின் வர்க்கச் சராசரி. பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பும் முக்கோணத்துக்கு அது தட்டையான மின்னோட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதாவது மின்தடையில் எரியும் வெப்பம், வேறு எதுவும் செய்வதற்கு முன்னாலேயே, 33 சதவீதம் ஏறிவிடுகிறது. பின்னோக்கி ஓட விடும் மின்னோட்டமும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம்.

3 கிலோவாட்டை இரண்டு வேகக் கால்களுக்குப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு காலில் உச்ச நேரத்தில் சராசரி 9.2 ஆம்பியர், இண்டக்டரில் உச்சி 20 ஆம்பியர். முழுச் சுற்றுக்குமான வர்க்கச் சராசரி, தட்டையான மின்னோட்டத்தைவிட ஒன்றரை மடங்கு வருகிறது. ஸ்விட்சின் மின்தடை 50 மில்லியோம் என்றால், ஒரு காலில் 2.1 வாட் ஆக இருந்திருக்க வேண்டியது 3.2 வாட் ஆகிறது. இரண்டு காலுக்கும் சேர்த்து சுமார் 2 வாட் கூடுதல். பிரிட்ஜில் 23 வாட், தேங்கிய மின்னூட்டத்தில் 400 வாட் என்ற எண்களுக்குப் பக்கத்தில் வைத்தால், இந்த 2 வாட்டைத் தயங்காமல் கொடுக்கலாம். இண்டக்டரில் வரும் கூடுதல் இழப்பு வேறு. மின்னோட்டம் இவ்வளவு ஏறி இறங்கும்போது ஃபெரைட்டும், மெல்லிய இழைகளைத் திரித்த லிட்ஸ் கம்பியும் தவிர்க்க முடியாதவை.

பாதி வோல்டேஜ் என்னும் எல்லை

எவ்வளவு பின்னோக்கி ஓட விட வேண்டும்? நான் மிகவும் ரசித்த பகுதி இதுதான். இதற்கான விடை மின்வாரியத்தின் சைன் அலையோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

மேல் ஸ்விட்ச் சரியாகப் பூஜ்ஜிய மின்னோட்டத்தில் ஆஃப் ஆகிறது என்று வையுங்கள். இண்டக்டரும் ஸ்விட்சுகளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஊஞ்சல்போல ஒத்ததிர்வுக்குள் போகும். நடுப்புள்ளி 400 வோல்ட்டிலிருந்து கிளம்பி, உள்ளீட்டு வோல்டேஜை மையமாக வைத்து, எதிர்ப்புறம் அதே தூரம் ஆடும். உள்ளீடு 150 வோல்ட் என்றால், 250 வோல்ட் இறங்கி 150-ஐ அடைந்து, இன்னும் 250 இறங்கப் பார்க்கும்; பூஜ்ஜியத்தை எட்டுவது நிச்சயம். உள்ளீடு 200 வோல்ட் என்றால் மிகச் சரியாகப் பூஜ்ஜியத்தைத் தொடும். உள்ளீடு சைன் அலையின் உச்சியான 325 வோல்ட்டில் இருந்தால், ஆடும் தூரம் 75 மட்டுமே. நடுப்புள்ளி 250 வோல்ட்வரை இறங்கித் திரும்பிவிடும். 250 வோல்ட் மிச்சத்தோடு கீழ் ஸ்விட்சை ஆன் செய்தால் அது பாதி சாஃப்ட் சுவிட்சிங்கூட இல்லை.

ஆக வெளியீட்டு வோல்டேஜில் பாதிக்குக் கீழே உள்ளீடு இருக்கும்வரை இயற்கையே வேலையை முடித்துத் தருகிறது. பாதிக்கு மேலே போனால் ஊஞ்சலை நாம் தள்ளிவிட வேண்டும். பின்னோக்கி ஓட விடும் மின்னோட்டம்தான் அந்தத் தள்ளல். இண்டக்டர் 40 மைக்ரோஹென்றி, நடுப்புள்ளிக் கெப்பாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட் என்று வைத்தால், 325 வோல்ட்டில் 1.6 ஆம்பியர் தேவைப்படுகிறது. உண்மையான மாஸ்ஃபெட்டின் கெப்பாசிட்டன்ஸ் வோல்டேஜுக்கு வோல்டேஜ் நூறு மடங்கு மாறும். 1 நானோஃபாரட் என்பது சராசரிப்படுத்திய எண். வடிவமைப்பில் இதை அப்படியே நம்பி உட்கார்ந்தால் இடைவெளி நேரம் தப்பும். தரவுத்தாளிலிருந்து மின்னூட்ட வளைவை எடுத்துத்தான் கணக்கிட வேண்டும்.

மறுமுனையில் வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. உள்ளீடு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வரும்போது ஊஞ்சலில் ஆற்றல் மிஞ்சிவிடுகிறது. நடுப்புள்ளி பூஜ்ஜியத்தைத் தொட்ட பிறகும் இண்டக்டரில் 2 ஆம்பியர்வரை பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அதை முன்னோக்கித் திருப்ப உள்ளீட்டு வோல்டேஜ் மட்டும்தான் உண்டு. அதுவோ இப்போது 20 வோல்ட். திருப்புவதற்கு மட்டும் 4 மைக்ரோவிநாடி ஆகிறது. அந்த நேரமெல்லாம் மின்னோட்டம் தவறான திசையில். கணக்கில் இதைச் சேர்த்து ஆன் நேரத்தை நீட்டாவிட்டால், மின்வாரியத்திலிருந்து எடுக்கும் மின்னோட்டத்தில் ஒவ்வொரு பூஜ்ஜியக் கடப்பிலும் ஒரு தட்டை விழும். ஹார்மானிக் அளவு கெடும்.

இந்த இரண்டும் சேர்ந்து அதிர்வெண்ணை ஆட்டி வைக்கின்றன. என் எண்களில், முழுச் சுமையில் சைன் உச்சியில் 70 கிலோஹெர்ட்ஸ். 200 வோல்ட்டில் 170. அதற்குக் கீழே 50 வோல்ட்டில் 150 அளவுக்குத் திரும்பி இறங்குகிறது. ஒரு நொடிக்கு 100 முறை அதிர்வெண் இப்படி ஏறி இறங்கும்.

பூஜ்ஜியம் எங்கே?

மின்னோட்டம் பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணத்தைத் தெரிந்துகொள்ளாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. 20 ஆம்பியர் உச்சி கொண்ட முக்கோணத்தில், நமக்கு வேண்டியது அந்தப் பூஜ்ஜியம் ஒன்றுதான். 0 முதல் 20 வரை அளக்கும் சென்சாரை வைத்தால், பூஜ்ஜியத்துக்கு அருகில் அதன் பிழையும் தாமதமும் நம்மை ஏமாற்றும்.

சூரிச் குழு இதற்கு ஒரு சிறு நிறைவுறும் காந்த வளையத்தைப் பயன்படுத்தியது. இண்டக்டர் மின்னோட்டம் அந்த வளையம் வழியாகப் போகிறது. மின்னோட்டம் ஓர் ஆம்பியருக்கு மேல் இருந்தாலே வளையம் நிறைவடைந்து செத்ததுபோல் கிடக்கும். பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் வரும்போது மட்டும் நிறைவிலிருந்து வெளியே வந்து, அதன்மேல் சுற்றிய இரண்டாவது கம்பியில் கூர்மையான வோல்டேஜ் துடிப்பு ஒன்றைத் தரும். 20 ஆம்பியர் என்றாலும் 5 ஆம்பியர் என்றாலும் அதற்கு அக்கறை இல்லை. பூஜ்ஜியத்துக்கு மட்டுமே அது விழிக்கும். மெல்லிய வளையம், சில சுற்றுக் கம்பி, ஒரு கம்பாரேட்டர். அளக்க வேண்டியதை மட்டும் அளக்கும் சென்சார் இது. இந்த வடிவமைப்பு முழுவதிலும் எனக்கு அதிகம் பிடித்த உறுப்பும் இதுதான்.

துடிப்பு வந்த பிறகும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பாரேட்டர், தனிமைப்படுத்தும் சிப், மாஸ்ஃபெட்டின் கட்டளை முனையான கேட்டை இயக்கும் டிரைவர் என்று சேர்ந்தால் 100 நானோவிநாடி எளிதில் போய்விடும். சைன் உச்சியில் மின்னோட்டம் மைக்ரோவிநாடிக்கு 1.9 ஆம்பியர் வேகத்தில்தான் இறங்குகிறது. 100 நானோவிநாடியில் 0.2 ஆம்பியர், கவலையில்லை. 50 வோல்ட்டில் இறங்கும் வேகம் 8.75. அதே தாமதத்தில் 0.9 ஆம்பியர் கூடுதலாகப் பின்னோக்கிப் போய்விடும். அங்கே நமக்குத் தேவையான பின்னோட்டமோ பூஜ்ஜியம்! தாமதம் எவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து, உள்ளீட்டு வோல்டேஜுக்கு ஏற்றபடி கட்டுப்பாட்டுக் கணக்கில் கழிக்க வேண்டியிருக்கிறது. ஆஃப் ஆகும் கணம் அளவிலிருந்து வருகிறது. ஆன் நேரம் கணக்கிலிருந்து வருகிறது. இரண்டும் சில பத்து நானோவிநாடிக்குள் ஒத்துப்போனால்தான் சைன் வடிவம் நிற்கும்.

முதன்முதலில் இப்படி ஒரு காலை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிலோஸ்கோப்பில் நடுப்புள்ளி வோல்டேஜையும் கீழ் ஸ்விட்சின் கேட்டையும் ஒன்றாகப் பாருங்கள். நடுப்புள்ளி பூஜ்ஜியத்தைத் தொடுவதற்கு முன் கேட் ஏறினால், கேட் அலையில் நடுவே ஒரு திண்ணை தெரியும். சாஃப்ட் சுவிட்சிங் சரியாக நடக்கும்போது அந்தத் திண்ணை இருக்காது. கேட் ஒரே மூச்சில் ஏறும். மின்னோட்ட புரோப் இல்லாமலே உண்மையைச் சொல்லும் அடையாளம் அது.

இரண்டு கால்கள்

ஒற்றைக் காலில் முக்கோண மின்னோட்டம் மின்வாரியப் பக்கம் போனால் ஃபில்டர் பெரிதாகும். இரண்டு மூன்று கால்களை ஒன்றன்பின் ஒன்றாக நேரம் தள்ளி ஓட்டினால் ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் சமன் செய்யும். நிலையான அதிர்வெண்ணில் இது சுலபம். இங்கே ஒவ்வொரு காலும் தன் பூஜ்ஜியத்தைத் தானே தேடி ஓடுவதால், இண்டக்டர் இரண்டு சதவீதம் வித்தியாசப்பட்டாலே கால்கள் ஒன்றுக்கொன்று நழுவிவிடும். ஒரு காலைத் தலைவனாக வைத்து, மற்றதன் ஆன் நேரத்தை மிக நுண்ணிய அளவில் நீட்டியும் குறுக்கியும் பாதிச் சுற்றுத் தள்ளிப் பிடித்து வைக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுக்கு டிஜிட்டல் வழி வசதியானது. அதே குழுவிலிருந்து கிறிஸ்டோஃப் மார்க்ஸ்குட் பின்னர் இதே முறையில் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள 200 வாட் ரெக்டிஃபையரை வடிவமைத்தார். அவ்வளவு மெல்லிய தட்டில் இண்டக்டர் வைக்க வேண்டுமானால் அதிர்வெண் ஏறியாக வேண்டும்; அதிர்வெண் ஏற வேண்டுமானால் சுவிட்சிங் மென்மையாக இருந்தாக வேண்டும்.

சுமை குறையும்போது

முழுச் சுமை எண் விளம்பரத்துக்கு நல்லது. செல்போன் கோபுரமும் சர்வரும் பெரும்பாலான நேரம் ஓடுவது பாதிச் சுமையிலும் அதற்குக் கீழும்தான். 80 பிளஸ் திட்டத்தின் டைட்டானியம் தரம் 10 சதவீதச் சுமைக்கும் ஓர் எல்லையை வைத்திருக்கிறது: 230 வோல்ட் உள்ளீட்டில் 90 சதவீதம். பாதிச் சுமைக்கு 96.

10 சதவீதச் சுமையில் முக்கோணம் சுருங்குகிறது, ஊஞ்சல் சுருங்குவதில்லை. சைன் உச்சியில் வேண்டியது 0.92 ஆம்பியர், பின்னோக்கி ஓட விட வேண்டியதோ அதே 1.6. வர்க்கச் சராசரி தட்டையான மின்னோட்டத்தைப்போல மூன்றரை மடங்கு. முதலில் பார்த்தபோது இது பெரும் அடி என்று நினைத்தேன். கணக்கு வேறு சொன்னது. வெளியீடு பத்தில் ஒன்றாகக் குறையும்போது, மின்தடை வெப்பம் நாற்பதில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. தொல்லை இருந்த இடம் அதிர்வெண். 200 வோல்ட் அருகில் அது 170-லிருந்து 600 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. கேட்டை ஒவ்வொரு முறை நிறைக்கவும் 150 நானோகூலும், 12 வோல்ட் என்றால், அந்த வேகத்தில் ஒரு ஸ்விட்சுக்கு 1 வாட்டுக்கு மேல். நான்கு வேக ஸ்விட்சுக்கு 4 வாட். 300 வாட் வெளியீட்டில் அது மட்டுமே 1.4 சதவீதம். ஃபெரைட் இழப்பு அதற்கு மேல்.

நல்ல மருந்து, சுமை குறைந்ததும் ஒரு காலை முழுவதுமாக நிறுத்திவிடுவது. மிஞ்சிய கால் இரண்டு மடங்கு சுமையில், குறைந்த அதிர்வெண்ணில் ஓடும். நின்ற காலின் கேட் இழப்பும் ஃபெரைட் இழப்பும் இல்லை. நின்ற காலை மறுபடி எழுப்பும்போது மின்னோட்டத்தில் குலுக்கல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் மென்பொருளில் நேரம் தின்னும் பகுதி.

சாஃப்ட் சுவிட்சிங் தொட முடியாத ஒரு பொருளும் இந்தப் பெட்டியில் உண்டு. மின்வாரியம் 20 மில்லிவிநாடி தடைப்பட்டாலும் 3 கிலோவாட் நிற்காமல் வர வேண்டும், 400 வோல்ட் 300 வரை இறங்கலாம் என்றால், 1,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். அதிர்வெண்ணை எவ்வளவு உயர்த்தினாலும் அது சுருங்காது.

இரண்டாம் கட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. 400 வோல்ட்டைத் தனிமைப்படுத்தி 48 ஆக்க அதே ஆய்வகம் 2010-ல் டெலிகாமுக்காக 5 கிலோவாட் ஃபேஸ் ஷிஃப்ட் கன்வெர்ட்டர் ஒன்றை 99 சதவீதச் செயல்திறனை இலக்காக வைத்து வடிவமைத்தது. அதிலும் ஸ்விட்சுகள் பூஜ்ஜிய வோல்டேஜில்தான் மாறுகின்றன. 99.2-ஐயும் 99-ஐயும் பெருக்கினால் மின்வாரியத்திலிருந்து 48 வோல்ட்வரை 98.2 வரும்.

பூஜ்ஜியத்திலும் மிச்சம்

2014-ல் ஏபெக் என்னும் மின்னணு ஆற்றல் மாநாட்டில் ஃபெடிசனும் சகாக்களும் வெளியிட்ட அளவீடு ஒன்று இந்தத் துறையைக் கொஞ்சம் உலுக்கியது. சில சூப்பர்ஜங்ஷன் மாஸ்ஃபெட்டுகளில் கெப்பாசிட்டன்ஸை நிறைத்துவிட்டுத் திரும்ப வாங்கினால், கொடுத்ததெல்லாம் திரும்பவில்லை. வோல்டேஜ் பூஜ்ஜியத்தில் மாற்றினாலும், மின்னூட்டம் போய்வரும் வழியில் ஒரு பங்கு வெப்பமாகிறது. ஏறக்குறைய ஒரே மின்தடை கொண்ட இரண்டு மாஸ்ஃபெட்டுகளுக்கு இடையே இந்த இழப்பு வெகுவாக மாறுகிறது. தரவுத்தாளில் அது தெரிவதில்லை. சாஃப்ட் சுவிட்சிங்குக்கு மாஸ்ஃபெட் தேர்ந்தெடுப்பவர் மின்தடையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. இரண்டு மூன்று வகையை வாங்கி, அதே காலில் ஓட்டி, வெப்பத்தை அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காலியம் நைட்ரைடு ஸ்விட்சுகள் வந்தபோது வழக்கின் அடித்தளமே மாறியது. அவற்றில் டயோடில் தேங்கும் மின்னூட்டம் கிடையாது. டோட்டம் போலைத் தொடர் மின்னோட்ட முறையிலேயே ஓட்ட முடிகிறது. கூகுளும் ஐ.இ.இ.இ. அமைப்பும் 2014-ல் அறிவித்த லிட்டில் பாக்ஸ் போட்டியில் இந்த மாற்றத்தை நேரில் பார்க்கலாம். அது 2 கிலோவாட் இன்வெர்ட்டர், எதிர்த் திசை. ஆனால் கால் அதே கால். இ.டி.எச். குழுவின் முதல் வடிவம் எல்லாக் கால்களையும் முக்கோண முறையில் ஓட்டி லிட்டருக்கு 8.2 கிலோவாட் எட்டியது. போட்டிக்குப் பிறகு அவர்களே உருவாக்கிய இரண்டாவது வடிவம், அமைப்பையும் மாற்றி, 140 கிலோஹெர்ட்ஸ் என்ற நிலையான அதிர்வெண்ணுக்குத் திரும்பி, லிட்டருக்கு 14.8 கிலோவாட் தந்தது. முக்கோணத்தை வளர்த்தெடுத்தவர்களே, எண் வேறு சொன்னபோது அதைத் தளர்த்திவிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அதே கேள்வியை என் 3 கிலோவாட் காலுக்கும் போட்டுப் பார்த்தேன். சைன் உச்சியில், 70 கிலோஹெர்ட்ஸில், காலியம் நைட்ரைடு ஸ்விட்சை நேரடியாக 400 வோல்ட்டில் ஆன் செய்தால், கெப்பாசிட்டன்ஸின் மின்னூட்டம் 80 நானோகூலும் என்று வைத்து, இழப்பு 2.2 வாட். முக்கோணத்துக்காகக் கூடுதலாகச் சுமக்கும் மின்னோட்டத்தால் 50 மில்லியோமில் அதே கணத்தில் எரிவது 1.9 வாட். இரண்டும் கிட்டத்தட்ட சமம். 200 வோல்ட்டுக்குக் கீழே ஊஞ்சல் இலவசமாக வேலை செய்து தருவதால் அங்கே முக்கோணத்தை விட மனமில்லை. உச்சிக்கு அருகில் மட்டும் தொடர் மின்னோட்டம், மற்ற இடத்தில் முக்கோணம் என்று ஒரே சுற்றுக்குள் மாறி மாறி ஓட்டினால் எங்கே கோடு போடுவது என்பதைத்தான் இப்போது நோட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் எண்களில் கோடு 280 வோல்ட்டுக்கும் 300-க்கும் இடையில் எங்கோ விழுகிறது. இண்டக்டரின் இழப்பைச் சரியாகச் சேர்த்த பிறகு அது நகரும்.